பழசோடு ஒரு வருடம்: சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டின் கணக்கு

2024 போகி அன்று காலையில் பரணைக் காலி செய்ய ஏறிய என் கணவர் பத்து நிமிடத்தில் இறங்கி வந்து, "நீயே வந்து பாரு" என்றார். இறக்கி வைக்க வைக்கக் கூடம் நிறைந்தது. ஓடாத மிக்ஸி மூன்று. இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டு, அதில் ஒன்று அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காதது. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையோடு கொடுத்த எவர்சில்வர் டப்பாக்கள் முப்பத்தேழு. பிளாஸ்க் ஐந்து. மகள் ஓட்டிப் பழகிய நடைவண்டி. எல்லாவற்றுக்கும் அடியில், என் மாமியார் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தவலையும் செம்பு அண்டாவும் களிம்பு பிடித்துக் கிடந்தன.

போகி என்றால் பழையதைக் கழிக்கவேண்டும். ஆனால் போன போகிக்கும் கழித்தோம், அதற்கு முந்தைய போகிக்கும் கழித்தோம். காலியான இடம் ஒரு வருடத்தில் மறுபடி நிறைந்துவிடுகிறது. அன்று ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தை முதல் நாள் தொடங்கி அடுத்த போகி வரை, அதாவது 2024 ஜனவரி 15 முதல் 2025 ஜனவரி 13 வரை, வீட்டுக்குப் புதுப் பொருள் எதுவும் வாங்குவதில்லை.

நாலு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. மாமியாருக்கு அப்போது 71 வயது, தறிக்குடும்பத்தில் பிறந்து தறிக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. சொந்த வீடு, சின்னது. கடன் நெருக்கடி எதுவும் இல்லை. பணம் இல்லாமல் வாங்காதது வேறு, இருந்தும் வாங்காதது வேறு. இந்த ஆய்வு இரண்டாவதைப் பற்றியது.

விதிகள்

இப்படி ஒரு முயற்சியை முதலில் செய்தவர்கள் நாங்கள் இல்லை. 2006-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு வருடம் புதுசு வாங்குவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் போனவர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் நினைவாக அதற்கு 'காம்பாக்ட்' என்றே பெயர் வைத்தார்கள். சாப்பாடு, மருந்து, உள்ளாடை போன்றவற்றுக்கு அவர்கள் விலக்கு கொடுத்திருந்தார்கள். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். சோப்பு, நோட்டு, பேனா சேர்த்தோம். பழைய பொருளாக வாங்கலாம், இரவல் வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பழுது பார்க்கலாம். பழுதுக்குத் தேவையான உதிரிப் பாகம் புதுசாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் மாதத்திலேயே இன்னொரு விலக்கு சேர்ந்தது. கணவரின் ஹெல்மெட் வண்டியிலிருந்து விழுந்து உள்பக்கம் விரிசல் விட்டது. தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடப்பதைத் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் மாதிரியான பஞ்சு, அடியைத் தான் வாங்கி நசுங்குவதற்காகவே வைத்தது. ஒரு தடவை நசுங்கினால் மறுபடி எழும்பாது. மேலே ஓடு பளபளவென்று இருந்தாலும், அது ஏற்கெனவே ஒரு அடி வாங்கியதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. ஐஎஸ்ஐ முத்திரை போட்டது புதுசாக வாங்கினோம். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயும் அப்படித்தான், ஐந்து வருடம் ஆனால் மாற்றியே ஆகவேண்டும். குக்கர் வால்வு, வண்டியின் பிரேக் ஷூ, டயர் எல்லாம் இந்தப் பட்டியலில் வந்தன. இதைப் படித்துவிட்டு யாராவது தொடங்குவதாக இருந்தால் இந்த விலக்கை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பழுது பார்ப்பவர்களைத் தேடி

ஏப்ரலில் சேலம் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. கூடத்து மின்விசிறி வேகம் குறைந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கடையில் கேட்டால் பழசைப் போட்டுவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தெருமுனை எலெக்ட்ரீசியன் ஏணி போட்டு ஏறி, கட்டைவிரல் பருமனில் ஒரு கண்டென்சரைக் கழற்றி, 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்த வேறொன்றை மாட்டினார். பழைய வேகம் வந்துவிட்டது. கூலியோடு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இதற்கு முன் இதே காரணத்துக்காக நாங்கள் எத்தனை ஃபேன் மாற்றியிருப்போமோ!

மூன்று மிக்ஸியில் இரண்டு ஓடத் தொடங்கின. ஒன்றுக்குக் கப்ளர் தேய்ந்திருந்தது, இன்னொன்றுக்கு ஜாரின் புஷ் போயிருந்தது. மூன்றாவதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் "இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வர்றதில்லை, எக்ஸ்சேஞ்ச்ல போடுங்க" என்றார்கள். வாங்கி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. மத்திய நுகர்வோர் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த வருடம் டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வீட்டுச் சாதனங்களும் அதில் சேர்ந்தவை. ஆனால் கவுண்டரில் நிற்கும் நமக்குக் கிடைப்பது அந்த ஒரே பதில்தான். அந்த மிக்ஸியை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டேன். அதன் மோட்டாரை வேறு யாருக்கோ பயன்படுத்திக்கொண்டார்.

இந்த வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் ஜூனில் வந்தது. பெரிய அலுமினியப் பாத்திரத்தின் அடியில் ஊசித் துவாரம் விழுந்துவிட்டது. அத்தை, "மேல தவலை இருக்குதே கண்ணு" என்றார். (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.) இருக்கிறது, ஆனால் உள்ளே ஈயம் போய்ப் பித்தளை தெரிகிறது. புளி போட்டால் களிம்பேறும். ஈயம் பூசுகிறவரைத் தேடி மூன்று வாரம் அலைந்தோம். ஒரு காலத்தில் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வந்தவர்கள்தான். கடைசியில் செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடை ஒன்றில் வழி சொன்னார்கள்.

பெரியவர் ஒரு வீட்டுத் திண்ணைக்குக் கீழே குழி தோண்டிக் கரி போட்டிருந்தார். ஊதுவதற்குக் கையால் சுற்றும் சின்ன மெஷின். தவலையை முதலில் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து, கரியின் மேல் சாய்த்து வைத்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். நிறம் மாறும் நேரம் பார்த்து உள்ளே நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பி மூக்கைச் சுருக்கென்று பிடித்தது. ஈயக் கம்பியின் நுனியை அடியில் ஒரு தேய்ப்பு. பாதரசம் போல ஒரு சொட்டு ஓடியது. கையில் இருந்த பஞ்சால் அதைச் சுழற்றி இழுத்தார். மஞ்சளாக இருந்த உள்பக்கம் அவர் கை போன வழியெல்லாம் வெள்ளியாக மாறிக்கொண்டே வந்தது. பள்ளி விடுமுறையில் கூட வந்திருந்த மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

பூசுவதற்கு முன்னால் அவர் ஒன்று செய்தார். அந்தக் கம்பியை ஒரு வெள்ளைத் தாளில் இழுத்துக் காட்டினார். "காரீயம் ஜாஸ்தியா கலந்திருந்தா பென்சில் மாதிரி கருப்பாக் கோடு விழும்மா. பார்த்துக்குங்க, இது வெள்ளீயம்." காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அது விலை குறைவு, அதனால் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கேட்காமலேயே காட்டிய அந்த நேர்மைக்கு அவர் கேட்ட கூலி மிகக் குறைவாக இருந்தது. கூடக் கொடுத்தோம். பையன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று சொன்னார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. இரும்பு நார் போட்டுத் தேய்க்காமல் இருந்தால் பூச்சு நாள்பட நிற்கும் என்று சொல்லி அனுப்பினார். இப்போது வாரம் இரண்டு முறை அந்தத் தவலையில்தான் சோறு.

துணியும் தறியும்

மகள் ஜூனில் ஆறாம் வகுப்புப் போனாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம், சீருடை, பை, செருப்பு எல்லாம் விலையில்லாமல் வருகிறது. தனியார் பள்ளியில் எல்லாமே கவுண்டரில் பணம் கட்டி எடுக்கவேண்டும். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அம்மாக்களிடம் சொல்லி வைத்தேன். ஏழாவது போகிற ஒரு பெண்ணின் சீருடை இரண்டு செட்டும், காக்கி அட்டை போட்ட புத்தகங்களும் கிடைத்தன. அதற்குள் பள்ளியில் சட்டைப்பை முத்திரையை மாற்றிவிட்டார்கள்! தையல்காரர் பழைய முத்திரையைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதியதை வைத்துத் தைத்துக்கொடுத்தார். முத்திரை மட்டும் கவுண்டரில் தனியாக விற்கமாட்டோம் என்று முதலில் சொன்னார்கள். மூன்று அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேட்டதும் கொடுத்தார்கள்.

அந்தத் தையல்காரர் ஒரு விஷயம் காட்டினார். தைத்துப் போட்ட பழைய பாவாடையில் ஓரத்தில் இரண்டு விரல்கடை துணி உள்ளே மடித்திருந்தது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்காக. ரெடிமேடில் ஓரம் ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்துவிடுகிறார்கள், பிரித்துவிட இடமே கிடையாது. வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

ஆனால் துணி விஷயத்தில் அத்தை கேட்ட கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஒரு சாயங்காலம் சாதாரணமாகத்தான் கேட்டார். "எல்லாரும் உன்னை மாதிரி வாங்காம இருந்துட்டா, தறிக்காரன் வீட்டுல அடுப்பு எப்படிக் கண்ணு எரியும்?"

அவர் ஏழு வயதில் தார் சுற்ற, அதாவது தறி நாடாவுக்கு நூல் சுற்ற, உட்கார்ந்தவர். குழித்தறியில் அப்பா நெய்ய, காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட என்று வளர்ந்தவர். சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் வந்தபோது கத்தரித்து எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியவர். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? சுற்றுச்சூழல், ஒரு பருத்திச் சட்டைக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதெல்லாம் அவர் கேள்விக்குப் பதில் ஆகாது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் கணக்கைத்தான் பார்த்தேன். முந்தைய வருடம், 2023-இல், வீட்டுக்கு வாங்கிய துணிகளின் ரசீதுகளையும் வங்கிக் கணக்கையும் எடுத்து வரிசையாக எழுதினேன். சட்டை, டாப்ஸ், லெகின்ஸ், நைட்டி, சேலை, எல்லாம் சேர்த்து நாற்பத்து மூன்று. அதில் கைத்தறி ஒன்றே ஒன்று, கணவர் பொங்கலுக்கு எடுத்த வேட்டி. தறிச் சத்தம் கேட்கும் தெருவில் இருந்துகொண்டு நாற்பத்து இரண்டு துணியை வேறு எங்கோ மில்லில் ஓடி வேறு எங்கோ தைத்ததாக வாங்கியிருக்கிறோம். அத்தையிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். "அப்போ நாம விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

வாங்காமல் இருப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் யாரிடம் வாங்குகிறோம் என்ற ஒன்று இருக்கிறது. எங்கள் விதியில் அதற்கு இடமே வைக்கவில்லை. இந்த முயற்சியில் நான் கண்ட பெரிய குறை அதுதான்.

கோடி

இரண்டாவது குறை ஜூலையில் தெரிந்தது. நாத்தனாரின் மாமனார் ஆத்தூரில் காலமாகிவிட்டார். விடியற்காலை நாலு மணிக்குப் போன். சம்பந்தி வீடு என்ற முறையில் நாங்கள் கோடி எடுத்துப் போகவேண்டும். வாடகைக் காரில் யாரும் பேசவில்லை. எனக்கு விதி ஞாபகம் வந்தது, வாய் திறக்க வெட்கமாக இருந்தது. அத்தைதான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோடின்னாலே புதுசுதான். பழசுல கோடி கிடையாது."

வழியில் ஒரு ஜவுளிக்கடையின் பாதி ஷட்டரைத் தட்டினோம். கோடிக்கு என்றதும் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் விளக்கைப் போட்டார். வேட்டியும் துண்டும் எடுத்தோம். விலை பார்க்கவில்லை.

திரும்பி வந்த பிறகு நோட்டில் 'முறைக்கு' என்று தனியாக ஒரு பக்கம் பிரித்தேன். வருடம் முழுக்க அதில் ஏறிக்கொண்டே இருந்தது. சான் பிரான்சிஸ்கோக்காரர்களின் விதியில் இதற்கு வழி தேடிப் பிரயோஜனம் இல்லை. எனக்காகப் புதுச் சேலை வாங்காமல் இருப்பது ஒரு மாதத்தில் பழகிவிட்டது, சொல்லப்போனால் நிம்மதியாகவே இருந்தது. நாத்தனாருக்கு ஆடிச் சீர் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நம் ஊரில் புதுசு என்பது பெரும்பாலும் கைமாறுவதற்காக வாங்குவது. அதை வாங்குகிறவர் உடுத்துவதில்லை. நான் வாங்கவில்லை என்றால் என் பெட்டியில் ஒரு துணி குறையும். நான் கொடுக்கவில்லை என்றால் இன்னொருத்தி சபையில் தலை குனிவாள்.

முறையிலும் வழி கிடைத்த இடம் ஒன்று உண்டு. செப்டம்பரில் என் தம்பி குழந்தைக்குக் காதுகுத்து. அத்தை முறையில் நான் கொலுசு போடவேண்டும். மகளுக்குச் சின்னதாகிப்போன கொலுசு இரண்டு ஜோடி பீரோவில் இருந்தது. சேலத்தில் வெள்ளிப் பட்டறைக்குப் பஞ்சமா என்ன! எடை போட்டு, உருக்கி, சேதாரமும் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டு முத்து வைத்த குட்டிக் கொலுசு செய்து கொடுத்தார்கள். சபையில் யாரும் அதைப் பழசு என்று சொல்லவில்லை. வெள்ளி எப்போதும் இப்படித்தான் புழங்கி வந்திருக்கிறது. மகள் குனிந்து குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்து, "இது என்னோடது" என்றாள், சந்தோஷமாக.

தவறிய இடங்கள்

பழைய போனில் ஏமாந்தோம். கணவரின் போன் திரை உடைந்து, பழைய போன் விற்கும் கடை ஒன்றில் 6,500 ரூபாய்க்கு ஒன்று எடுத்தோம். ஒன்றரை மாதத்தில் பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்பிவிட்டது. ரசீது வாங்கவில்லை, அதனால் கேட்க வாயில்லை. வாங்குகிறவர்கள் ரசீது இல்லாமல் நகராதீர்கள். *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண், வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், திருட்டுப் போன் என்று முடக்கியதா இல்லையா என்று பதில் வரும். எங்களுக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

ஆடியில் சேலம் குகைப் பகுதித் திருவிழாவில் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலம் பார்க்கப் போன கூட்டத்தில் மகள் ஒரு சோப்புக் குமிழி துப்பாக்கியின் முன்னால் நின்றாள். கேட்கவில்லை, நின்றாள். கணவர் வாங்கிக் கொடுத்துவிட்டார். அது, ஒரு வாளி, மழையில் மாட்டிக்கொண்டு எடுத்த குடை, இன்னும் சில, எல்லாம் 'மீறியது' என்ற பக்கத்தில் இருக்கின்றன. டிசம்பரில் ஏற்காடு போனபோது ஸ்வெட்டர்களைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு போனோம், அது சுலபமாக நடந்தது.

தீபாவளிதான் கஷ்டம். அக்டோபர் 31-க்கு மூன்று வாரம் இருக்கும்போது, தெருப் பிள்ளைகள் எடுத்த துணியைக் காட்ட ஆரம்பித்தார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஒரு அரக்குப் பட்டுச் சேலை, முந்தானைப் பக்கம் மட்டும் இழை விட்டிருந்தது. தையல்காரரிடம் முன்பே கொடுத்துப் பாவாடை சட்டை தைத்திருந்தேன். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மகள், துணியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையிடம் கேட்டாள். "ஆயா, இதுக்கு மஞ்சள் வைக்கலாமா?" புதுத் துணிக்குத்தானே மஞ்சள் வைப்பது. எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தை ஒரு நொடியும் யோசிக்காமல் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, பாவாடையின் ஓரத்தில் தொட்டு வைத்தார். "தைச்சு இன்னைக்குத்தானே உடுத்துறே, புதுசுதான் சாமி."

கணக்கு

சாப்பாடு, மருந்து, பள்ளிக் கட்டணம், மொய்ப்பணம் நீக்கிப் பார்த்தால் 2023-இல் பொருள்களுக்காகச் செலவு செய்தது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். விதியோடு ஓட்டிய வருடத்தில் 46,300. அதில் முறைக்குப் போனது 14,750. பழுது, தையல், ஈயம், உருக்கு கூலிகள் 12,850. பழைய பொருள்கள் 11,200, அந்தப் போனும் சேர்த்து. ஹெல்மெட், டயர் வகையறா 4,100. மீறியது 3,400.

பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முந்தைய வருடம் இந்த இடத்தில் இரண்டாயிரம்கூட இல்லை. இது முழுக்க எலெக்ட்ரீசியன், தையல்காரர், மிக்ஸி மெக்கானிக், சாணை பிடிப்பவர், செருப்புத் தைப்பவர், பட்டறைக்காரர், ஈயம் பூசும் பெரியவர் கைக்குப் போன பணம். அத்தனை பேரும் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறார்கள். இவர்கள் இல்லாத ஊரில் புதுசு வாங்காமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. அடுத்த பத்து வருடத்தில் நம் ஊரில் இவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

2025 போகிக்குப் பரணில் இறக்க அதிகம் இல்லை. எவர்சில்வர் டப்பாக்கள் நாத்தனார் வீட்டுக்கும் தெருவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. விதியை அதற்குப் பிறகும் தொடர்கிறோம், இரண்டு மாற்றத்தோடு. முறைக்கு உள்ளதை ஒளிக்காமல் எழுதி வைப்பது. துணி எடுத்தே ஆகவேண்டும் என்றால் நெய்தவர் வீட்டு வாசலில் எடுப்பது.

பொங்கலன்று காலையில் கணவர் மூன்று தெரு தள்ளிப் போய்த் தறிக்காரரிடமே ஒரு வேட்டி எடுத்து வந்தார். அத்தை அதைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு, கரையைப் பெருவிரலால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. இழை அறுந்து முடிச்சுப் போட்ட இடம். "இங்க பாரு, இங்க எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிருக்கான்" என்று மகளுக்குக் காட்டினார்.